நடையும் போகிறேன், சோறும் பாதியாகிவிட்டது, எடை மட்டும் ஏன் நிற்கிறது?

மருதமலைக்காற்று:

வணக்கம். விவரம் முழுதாகத் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வயது 36, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. தைராய்டு நார்மல், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. தினமும் காலை 45 நிமிடம், 4 கி.மீ. நடை. செலவு 310 கலோரி என்று ஆப் காட்டுகிறது.

சாப்பாடு: நடந்து வந்ததும் சர்க்கரை போட்ட சாத்துக்குடி ஜூஸ் ஒரு டம்ளர். காலை 3 தோசை, தேங்காய்ச் சட்னி. மதியம் முன்பு போட்டதில் பாதி சோறு, சாம்பார், பொரியல், மோர். மாலை டீ, 4 மாரி பிஸ்கட், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. இரவு 3 சப்பாத்தி, குருமா.

முதல் இரண்டு வாரத்தில் ஒன்றரை கிலோ இறங்கியது. அப்புறம் முள் அசையவே இல்லை. ஜிம்மில் சேர்வதா, சோற்றை அடியோடு விடுவதா, வெறும் வயிற்றில் நடப்பதா? வீட்டுக்காரரும் என்னோடு சேர்ந்து ஆரம்பிக்கப் போகிறார். அவர் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்.

தராசுமுள்:

முதலில் அந்த 310-ஐ மறந்துவிடுங்கள். கட்டிலில் படுத்திருந்தாலும் அந்த 45 நிமிடத்தில் ஒரு 43 கலோரி செலவாகத்தான் செய்யும். அதையும் சேர்த்து, மேலே தாராளமாகவும் போட்டுக் காட்டுகிறது ஆப். சமதரையில் நடப்பதற்கென்று கூடுதலாக ஆவது, கிலோ எடைக்கு கி.மீ.க்கு அரை கலோரி போலத்தான். 74 × 4 × 0.5 = 148. ஒரு டம்ளர் ஜூஸ், அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 130. காலை நடை முழுவதும் அந்த டம்ளரிலேயே போய்விட்டது.

இனி மொத்தக் கணக்கு. மிஃப்லின் சூத்திரத்தில் பெண்களுக்கு 10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயது − 161. உங்களுக்கு 740 + 987 − 180 − 161, அதாவது 1386 கலோரி. சும்மா இருந்தாலே உடம்பு செலவழிப்பது இது. (வீட்டுக்காரருக்குப் போடும்போது கடைசியில் 161-ஐக் கழிக்காமல் 5 கூட்டுங்கள்.) ஆபீஸ் வேலை, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து 1.3-ஆல் பெருக்கினால் 1800. நடை 150. ஆக 1950. ஆளுக்கு ஆள் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

சாப்பிடுவது? தோசை ஒன்றுக்கு எண்ணெயோடு 130 வைத்தால் மூன்றுக்கு 390, சட்னி 80. ஜூஸ் 130. மதியம் சோறு 200 கிராம் என்றால் 260, சாம்பார் 110, பொரியல் 90, மோர் 40. மாலை டீ 70, பிஸ்கட் 100, கடலை 25 கிராமுக்கு 140. இரவு சப்பாத்தி 330, குருமா 170. கூட்டினால் 1910. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். எடை நிற்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

முதலில் இறங்கிய ஒன்றரை கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தைக் குறைத்ததும் தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த கிளைகோஜன் குறையும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் கூடவே வெளியேறும். கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும்.

சோற்றைப் பாதியாக்கிவிட்டு எண்ணெயை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்? 3 லிட்டர் என்றால் ஆளுக்குத் தினம் 25 மில்லி, கிட்டத்தட்ட 205 கலோரி. 2 லிட்டரில் நிறுத்தினால் தட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆளுக்கு 70 கலோரி மிச்சம். தோசைக்கல்லில் பாட்டிலைக் கவிழ்க்காமல் ஸ்பூனால் விடுங்கள். ஒரு டீஸ்பூன் 40 கலோரி.

இரும்புக்கை:

தராசுமுள் கணக்கு சரி. அவர் விட்டுவிட்ட இன்னொரு கணக்கு புரோட்டீன். மேலே சொன்ன சாப்பாட்டில் 48 கிராம்தான் தேறும். பற்றாக்குறையில் இருக்கும்போது கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும், 1.2 கிடைத்தால் நல்லது. 74 முதல் 89. இது இல்லாமல் வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து நடையை மட்டும் கூட்டினால் கொழுப்போடு தசையும் போகும். தராசில் எண் இறங்கும், ஆனால் கை கால் மெலிந்து தொப்பை அப்படியே நிற்கும். இங்கே பாதிப் பேர் போடும் புகார் இதுதானே.

அதனால் குறைக்கிற கையோடு மாற்றவும் வேண்டும். ஜூஸுக்குப் பதில் சர்க்கரை இல்லாத காபி (40). காலையில் 2 தோசை, தக்காளிச் சட்னி, 2 அவித்த முட்டை: 430. மதியம் சோறு 150 கிராம், பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பாரோ கூட்டோ ஒன்றரைக் கப், தேங்காய் போடாத பொரியல் தட்டில் பாதி, தயிர் 100 கிராம்: 515. மாலை சர்க்கரை இல்லாத டீ, வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம்: 205. இரவு எண்ணெய் தடவாத 2 சப்பாத்தி, காய்கறியோடு மீல் மேக்கர் (காய்ந்த நிலையில் 30 கிராம், அதில் மட்டும் 15 கிராம் புரோட்டீன்): 365. மொத்தம் 1550 போல வரும், புரோட்டீன் 74-க்குக் கிட்டே. முட்டை ஆகாதென்றால் தோசையை அடைக்கோ பெசரட்டுக்கோ (பச்சைப்பயறு தோசை) மாற்றிக்கொண்டு மாலைச் சுண்டலைக் கொஞ்சம் கூட்டுங்கள். பால், தயிர் ஆவின் நீலப் பாக்கெட்டில் இருக்கட்டும். அதில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6.

தினம் 400 பற்றாக்குறை, மாதம் ஒன்றரை கிலோ. "இவ்வளவுதானா" என்று 1000 கலோரிக்கு இறங்காதீர்கள். வேகமாக இறக்குபவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் முடி கொட்டுவதும் நிறையவே நடக்கிறது.

ஜிம் இப்போதைக்குக் கட்டாயம் இல்லை. திங்கள், புதன், வெள்ளி, வீட்டிலேயே அரை மணி நேரம் போதும். தேவை: கை இல்லாத மர நாற்காலி, இரண்டு 5 லிட்டர் தண்ணீர் கேன்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுதல் 10 தடவை. நாற்காலியில் தொம்மென்று விழக்கூடாது, 3 எண்ணி இறங்கிப் பலகையைத் தொட்டதும் எழ வேண்டும். எழும்போது முழங்கால் உள்ளே மடங்கினாலோ குதிகால் தரையை விட்டுக் கிளம்பினாலோ மூட்டு வலிக்கும். நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அடுத்து சமையல் மேடையில் கை ஊன்றி புஷ்-அப், 8 முதல் 12. பிறகு கேன் இழுத்தல்: ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகைப் பலகை மாதிரி நேராக வைத்து, கேனை இடுப்பை நோக்கி இழுங்கள், பக்கத்துக்கு 10. முதுகு வளைந்தால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 12. நான்கும் முடிந்தால் ஒரு சுற்று. 3 சுற்று, சுற்றுக்கு நடுவே 2 நிமிடம் ஓய்வு. மூச்சைப் பிடிக்காதீர்கள், பிரஷர் ஏறும். தூக்கும்போது விட வேண்டும்.

இதில் எல்லோரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான்: மாதக்கணக்கில் அதே கேன், அதே 10. மூன்று சுற்றிலும் 12 செய்த பிறகும் இன்னும் நாலைந்து முடியும் என்றால் அது உங்களுக்குப் பயிற்சியே இல்லை. மேடைக்குப் பதில் நாற்காலி விளிம்பில் புஷ்-அப், உட்கார்ந்து எழும்போது கையில் கேன், இப்படிக் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசி இரண்டு திணறலாக இருக்க வேண்டும்.

ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் எடை அரை கிலோ, ஒரு கிலோ ஏறலாம். வலிக்கிற தசையில் தண்ணீர் கோக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். டேப்பால் இடுப்பை அளந்து வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 தான் எல்லை.

சோறும்குழம்பும்:

கலோரி எல்லாம் சரிங்க, நாலு பேருக்குச் சமைக்கிற வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் யார் கிராம் கிராமாக நிறுத்துக்கொண்டிருப்பது? ஒரே ஒரு தடவை நிறுத்தால் போதும். உங்கள் வீட்டுக் கரண்டியால் ஒரு கரண்டி சோறு எடுத்துத் தராசில் வையுங்கள். 75 கிராம் வந்தால் உங்கள் அளவு இரண்டு கரண்டி. குழம்புக் கரண்டிக்கும் அதே மாதிரி. சப்பாத்திக்கு மாவு உருண்டையை ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள், கண் பழகிவிடும்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்குப் போவதில் லாபம் எதுவும் இல்லை. 30 கிராம் கோதுமை மாவில் ஒரு சப்பாத்தி 100 கலோரி, அதே கலோரிக்கு 75 கிராம் சோறு வரும். எண்ணெய் தடவினால் சப்பாத்திதான் தோற்கும். வெறும் வயிற்றில் நடப்பதும் அப்படித்தான். அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியும், மிச்ச நேரத்தில் உடம்பு அதைச் சரிக்கட்டிவிடும். உங்களுக்கு எது வசதியோ அப்படி நடங்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம், காரணத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் சேருங்கள். ஆறு நாள் 400 மிச்சம் பிடித்தால் 2400. ஒரு பிளேட் பிரியாணி, சிக்கன் 65, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா என்று போனால் அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காலி. பிரியாணியை நிறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்கு அது ஒன்றோடு நிறுத்துங்கள்.

மாத்திரைப்பெட்டி:

வீட்டுக்காரர் விஷயத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்து எடுக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு சோற்றையும் குறைத்து நடையும் கூட்டினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். எனவே ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டரிடம் போய், "இவ்வளவு குறைக்கப் போகிறேன், இவ்வளவு நடக்கப் போகிறேன்" என்று சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள். நீங்களாகப் பாதியாக உடைக்காதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு.

நடக்கும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உட்கார்ந்து குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. மாத்திரைப் பெயரில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று ஏதாவது இருந்தால் பேலியோ (மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் உணவுமுறை), நீண்ட விரதம் பக்கமே போகக்கூடாது. மாவுச்சத்து அடியோடு குறையும்போது, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி ஆபத்தாகிவிடலாம். குமட்டல், வாந்தி, வேகமான மூச்சு வந்தால் நேராக ஆஸ்பத்திரி.

கண் விழித்திரையில் பாதிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் கேன் தூக்குவது அவருக்கு இப்போது வேண்டாம். காலில் மரமரப்பு இருந்தால் செருப்போடு நடக்காமல் சாக்ஸ், ஷூ. வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

உங்களுக்கும் ஒரு செய்தி. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. சாப்பாடும் நடையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோயாகும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை. முள் நிற்பதை மட்டும் வைத்து வீண் என்று முடிவு கட்டாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

மருதமலைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. அவரை டாக்டரிடம் காட்டிவிட்டே ஆரம்பிக்கிறோம். ஒரு சந்தேகம்: நடையை 90 நிமிடம் ஆக்கினால் சாப்பாட்டில் இவ்வளவு கை வைக்க வேண்டாம் அல்லவா? இன்னொன்று, எடையை எப்போது பார்ப்பது? ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது.

தராசுமுள்:

காகிதத்தில் 150 கூடும். உடம்பில் அவ்வளவு கூடாது. அதிகம் நடந்த நாளில் மிச்ச நேரம் அறியாமலே உட்கார்ந்துவிடுவோம், பசியும் கூடும். இதைத் தாண்டி, உழைப்பு கூடக் கூட உடம்பு வேறு உள்செலவுகளைச் சுருக்கி ஈடுகட்டுகிறது என்று ஹெர்மன் பாண்ட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2016-இல் ஐந்து நாட்டு ஆட்களை அளந்து காட்டினார். கூடுதல் நேரம் இருந்தால் அதை இரும்புக்கை சொன்ன கேனுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் மூன்று வேளையும் சாப்பிட்டதும் 10 நிமிட நடை, எல்லைக்கோட்டுச் சர்க்கரைக்கு அது நன்றாகக் கேட்கும்.

எடை தினமும், காலைக்கடன் முடித்து, எதுவும் குடிப்பதற்கு முன். அன்றைய எண்ணைப் பார்த்து ஒன்றும் முடிவெடுக்காதீர்கள். ஏழு நாள் சராசரி போடுங்கள். ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் சாப்பாடு எது போனாலும் உப்பால் மறுநாள் ஒரு கிலோ வரை ஏறும். மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் அப்படியே, அதனால் இந்த மாதத்து மூன்றாம் வாரத்தைப் போன மாதத்து மூன்றாம் வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

68 வந்ததும் திரும்ப ஒருமுறை நிற்கிற மாதிரி இருக்கும். 6 கிலோ குறைந்த உடம்புக்கு அதே நாள் ஓட 90 கலோரி குறைவாகப் போதும். உங்கள் 400 அப்போது 310 ஆகியிருக்கும். அன்றைக்கு இரவுச் சப்பாத்தியில் ஒன்றை எடுத்துவிட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். சுண்டலையும் முட்டையையும் தொடாதீர்கள்.