பிரெஞ்சு கிராமத்துச் சலவைக்கூடத் தொட்டியில் நீர் நிற்கவில்லை: சிமெண்டு பூசலாமா?

கேள்வி:
பர்கண்டிப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் பழைய லவுவார் இது. அதாவது, கூரை போட்ட பொதுச் சலவைக்கூடம். ஊற்றுநீர் நன்றாக வருகிறது, ஆனால் துவைக்கும் தொட்டி பாதிக்கு மேல் நிரம்புவதில்லை. சுண்ணாம்புக்கல் கட்டு. யாரோ முன்பு இரண்டு மூட்டுகளைச் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள், அதை ஒட்டிய கல் உதிர்கிறது. மற்ற மூட்டுகளையும் அப்படியே பூசிவிடலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். கல் உதிர்வதற்கே அந்தச் சிமெண்டுதான் காரணம். சிமெண்டு கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. அதனால் ஈரம் கல்லின் விளிம்பில் தேங்குகிறது, உறைபனிக் காலத்தில் விளிம்பை உடைக்கிறது.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். ஊற்றுநீரைத் தற்காலிகமாக வேறு பக்கம் திருப்பி, வடிகால் அடைப்பானை இறுக்கி, நீர்மட்டத்தைச் சாக்கட்டியால் குறியிடுங்கள். மட்டம் இறங்கி எங்கே நிற்கிறதோ, ஓட்டை அந்த உயரத்தில். முழுக்க வற்றினால் தளத்திலோ அடைப்பானிலோ தேடவேண்டும். பல இடங்களில் அடைப்பானை மாற்றினாலே போதும்.

மூட்டுதான் என்றால் பழைய சாந்தைக் கையுளியால் 3 செ.மீ. ஆழம் வரை சுரண்டுங்கள். அறுக்கும் இயந்திரம் கல்லையும் வெட்டிவிடும். நன்றாக நனைத்து, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு (என்எச்எல் 3.5) ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டரைப் பங்கு கலந்து அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். இரவில் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் தொடவேண்டாம். நான்கு வாரமாவது கழித்தே நீர் விடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். பல லவுவார்களில் சுவருக்குப் பின்னால் மிதித்து இறுக்கிய களிமண் அடுக்கு இருக்கும். நீரைத் தடுப்பது அதுதான். தொட்டி ஒரு கோடை முழுக்க வறண்டு கிடந்தால் களிமண் வெடித்துவிடும், அதன்பின் மூட்டை மட்டும் பூசிப் பயனில்லை. அந்தப் பக்கம் தோண்டிப் புதுக் களிமண் அடித்தாகவேண்டும்.

தொட்டிகளுக்கு இடையே உள்ள வழிவு வாயைச் சாந்தால் மூடிவிடாதீர்கள். வழக்கமாக நீர் முதலில் குடிநீர்க் குழாய்க்கும், அடுத்து மாடுகளின் தொட்டிக்கும், பிறகே சலவைக்கும் போகும். சோப்பு நீரை மாடு குடிக்காதே! சலவைத் தொட்டியிலும் நீர் வந்து சேரும் மேல்பாகம் அலசுவதற்கு, நீர் வெளியேறும் கீழ்பாகம் சோப்புக்கு. வாயின் உயரம் சில செ.மீ. மாறினாலும் அழுக்குநீர் அலசும் பக்கம் ஏறிவிடும். பெண்கள் மண்டியிட்டுத் துவைத்த சாய்வான விளிம்புக்கல்லையும் சமப்படுத்தவேண்டாம். இந்த ஒழுங்கு தற்செயலானதல்ல. காலரா, டைபாய்டு பயத்தில்தான் 1851 பிப்ரவரி 3 சட்டம் இத்தகைய கட்டடங்களுக்கு 6 லட்சம் பிராங்க் மானியம் ஒதுக்கியது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பாசியை உயரழுத்த நீரால் அடித்துக் கழுவலாமா?

பதில் 3:
கூடாது. சுண்ணாம்புக்கல்லின் இறுகிய மேல்தோல் போய்விடும், அடுத்த பனிக்காலத்திலேயே கல் பொடியும். மென்மையான நார்த் தூரிகையும் நீரும் போதும். ப்ளீச் ஊற்றினால் அது நேராக ஓடைக்குத்தான் போகும். தொட்டியை வடிக்கச் செப்டம்பர் நல்ல மாதம். வசந்தத்தில் சாலமாண்டர் (பல்லி போலத் தோன்றும் நீர்நில உயிரி) குஞ்சுகள் அங்கே வளரும்.

கட்டடம் ஊராட்சிச் சொத்தாகவே இருக்கும், எனவே மேரி எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஏதும் 500 மீட்டருக்குள் இருந்தால், அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞருடைய கருத்தும் தேவைப்படலாம். உளியை எடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.