துணியிலிருந்து துணி: ‘மீளிழையாக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பழைய துணியையும் கழிவுத் துணியையும் மீண்டும் இழையாக்கித் துணி செய்வதற்கு ‘மீளிழையாக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘துணி மறுசுழற்சி’ என்றே எழுதலாமே. தனிச்சொல் எதற்கு?

தனிச்சொல் அவசியம் வேண்டும், ஐயா. பழைய சட்டையைக் கிழித்து மெத்தைக்குள் அடைத்தாலும் மறுசுழற்சி என்கிறோம். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிப் பாலியஸ்டர் இழையாக்கினாலும் அதே சொல்தான். ‘மறுசுழற்சி’ என்ற சீட்டோடு கடைக்கு வரும் பாலியஸ்டர் ஆடைகளில் பெரும்பாலானவை பாட்டிலிலிருந்து வந்தவை. உடுத்திய ஆடை மறுபடி ஆடையாவது இதிலிருந்து வேறு. ஆடைக்குச் செலவாகும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவே மீண்டும் ஆடையாகிறது என்று எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் சொன்னது. பொதுச்சொல்லைப் போட்டால் இந்த நிலைமையே வாசகர் கண்ணில் படாது.

> ‘மறுநூற்பு’ எப்படி?

நல்ல சொல். திருப்பூர் வட்டார ஓ.இ. மில்களுக்கு (‘ஓபன் எண்ட்’ முறையில் நூற்கும் நூற்பாலைகளுக்கு) அப்படியே பொருந்தும். பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டை அங்கே நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, நூற்கிறார்கள். துணியின் நிறமே நூலுக்கும் வந்துவிடுவதால் சாயமேற்றும் வேலை மிச்சம். கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். குட்டை இழையையும் ஓ.இ. எந்திரம் ஏற்றுக்கொள்ளும் என்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

ஆனால் வேதிமுறைக்கு ‘மறுநூற்பு’ போதாது. அங்கே பருத்தித் துணியைக் கூழாக்கி, கூழைக் கரைத்து, விஸ்கோஸ் (ரேயான் வகை) இழையாக இழுக்கிறார்கள். பாலியஸ்டரை அதன் அடிப்படை மூலக்கூறுகள் வரை உடைத்து மறுபடி கோக்கிறார்கள். நூற்பு இதற்கெல்லாம் பிறகுதான். எந்த வழியில் போனாலும் திரும்பக் கிடைப்பது இழை. அதனால்தான் ‘மீளிழையாக்கம்’ என்கிறேன். கிடைக்கும் பொருள் ‘மீளிழை’. முன்பு இழையாக இருந்ததுதானே மீண்டும் இழையாக முடியும்? பாட்டில் இதற்குள் வராது. இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

> சொல் நீளமாக இருக்கிறது. மில்லில் யார் சொல்வார்கள்?

பேச்சுக்கு ‘மீளிழை’ போதும். மீளிழை நூல், மீளிழைத் துணி என்று சுலபமாக நீளும்.

அப்புறம், இந்தச் சொல் மில்லோடு நின்றுவிடவும் கூடாது. சுவீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் ரினியூசெல் நிறுவனம் பழைய பருத்தித் துணியைக் கூழாக்கும் ஆலையை 2022இல் திறந்தது. ஆண்டுக்கு 60,000 டன் திறன். கூழ் வந்தது, ஆர்டர் போதிய அளவு வரவில்லை. 2024 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தார்கள். (பிறகு வேறொரு முதலீட்டு நிறுவனம் வாங்கி, சர்க்குலோஸ் என்று பெயர் மாற்றியது.) கூழ் ஆலைக்கும் ஆடை பிராண்டுக்கும் நடுவே விஸ்கோஸ் ஆலை, நூற்பாலை, நெசவாலை, தையல் கூடம் என்று எத்தனை பேர்! பிராண்ட் மட்டும் விரும்பினால் போதாது; நடுவில் உள்ள ஒவ்வொருவரும் வாங்க ஒப்புக்கொள்ள வேண்டும். பழந்துணி சேகரிப்பவரும் தரம் பிரிப்பவரும்கூட இதில் சேர்த்தி. இவர்கள் எல்லோரும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு ‘மீளிழைத் தொடர்’ என்று வைக்கலாம்.

இந்தத் தொடருக்குள் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஆலைக்குள் போகும் துணியை ‘மூலத்துணி’ என்கிறேன். ஜிப், பொத்தான் நீக்கியதா, பருத்தி எத்தனை சதவீதம், எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் செயற்கை இழை) கலந்திருக்கிறதா என்பதையெல்லாம் பிரிப்பவரும் ஆலையும் ஒரே வரையறையில் பேசினால்தான் வியாபாரம் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் துணிக் கழிவைத் தனியாகச் சேகரிப்பது கட்டாயம். இனி வரத்து கூடும், வரையறைக்கான தேவையும் கூடும்.

ஒரு இடத்தில் எனக்கு நிறைவில்லை. தையல் கூடத்துக் கழிவுக்கு ‘வெட்டுத்துணி’ சரியாக அமைகிறது. உடுத்திக் கழித்ததற்குக் ‘கழிதுணி’ என்று வைத்திருக்கிறேன். மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. ‘பழந்துணி’ என்றால் விற்காமல் தேங்கிய பழைய சரக்கும் அதில் வந்துவிடும். இதற்கு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துவிடலாம்.