அம்பாசடருக்குப் பழைய பின் ஆக்சில்: மாட்டும் முன் என்ன பார்க்கணும்?

நண்பர்களே, என் 1968 அம்பாசடர் மார்க் 2-க்குப் சென்னை புதுப்பேட்டையில் பழைய பின் ஆக்சில் ஒன்று முழுசாகக் கிடைத்திருக்கிறது. டிஃபரென்ஷியலை (ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரத் தொகுதி) வெளியே எடுத்துப் பார்த்தாச்சு. கிரவுனில் (பெரிய பல்சக்கரம்) பல் 41, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் பல் 9. என் வண்டியிலும் இதே கணக்குதான். பல்லில் உடைசல், குழி எதுவும் இல்லை. ஆனால் பினியனில் இரண்டு பல்லின் ஓரம் நீலம் பாய்ந்த மாதிரி கருத்திருக்கிறது, மண்ணெண்ணெயில் கழுவியும் போகவில்லை. ஆயில் இல்லாமல் ஓடிச் சூடேறியதா, வெறும் பழைய கறையா?

அப்புறம், ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) வளைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் இரண்டும் கையால் தள்ளினாலே உள்ளே உட்காருகின்றன. அது போதுமா? சீல், பேரிங் எப்படியும் புதுசுதான் போடுவேன்.

பேக்லாஷ் (கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி) அளக்கத் தெரிந்த மெக்கானிக் சென்னையில் இருந்தால் சொல்லுங்கள். கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் எடுத்து வைப்பாராம்.