பதில்: பொதி நீக்கம் – ‘சார்பு’ போதாது, வேறு சொல் வேண்டும்

> ‘சார்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, பிறகென்ன?

ஐயா, சிக்கலே அதுதான். ஒரு பொதி (மென்பொருளை நிறுவ உதவும் கோப்புத் தொகுப்பு) இயங்க இன்னொரு பொதி தேவைப்படுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதானே நம் கேள்வி. சனிக்கிழமை உப்புவெளியில் உபுண்டு இயங்குதள வகுப்பு. பயிற்சித்தாள் வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். உயர்தரப் பிள்ளைகளுக்குச் ‘சார்பு’ என்றதும் கணிதப் பாடத்துச் சார்புதான் நினைவுக்கு வரும். அதையாவது சமாளிக்கலாம். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. பொதியை நீக்கும்போது திசைதான் முக்கியம்.

மூதூர் ஐயா ‘கொழுகொம்பு’ என்றார். பயற்றங்கொடியையும் அதன் தடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தடியைப் பிடுங்கினால் கொடி விழும்: பைதான் 3 என்ற நிரல்மொழிப் பொதியை நீக்கச் சொன்னால் உபுண்டுவின் திரைச்சூழலும் கூடவே போவது இப்படித்தான். கொடியை அறுத்தால் தடி சும்மா நிற்கும்: ஒரு மென்பொருளுக்காக ஆப்ட் (உபுண்டுவில் பொதிகளை நிறுவி நீக்கும் கருவி) தானாகக் கொண்டுவந்த நூலகப் பொதிகள் (மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்கள்), அந்த மென்பொருள் போன பிறகும் வட்டில் கிடக்கும். ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை இந்த இரண்டாவது வகைக்கானது. நாமாகக் கேட்டு நிறுவியதை அது தொடாது. முதலாவது ஆபத்து, இரண்டாவது வெறும் இடப்பிரச்சினை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது?

> தொல்காப்பியர்க்குச் சார்பெழுத்து மூன்று, நன்னூலார்க்குப் பத்து. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்’ என்பதே நீக்க விதி!

இதை மிகவும் ரசித்தேன். இன்னும் ஒரு படி போகலாம். வீடு + இல்லை ‘வீடில்லை’ ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறது. மெய் தனித்து நிற்காமல் வந்த உயிரை ஏற்றுக்கொள்கிறது. வேறொரு பொதிக்கும் தேவைப்படும் நூலகத்தை ஆப்ட் விட்டுவைப்பதும் இதே கணக்குத்தான். ஆனால் பயிற்சித்தாளில் இதற்கு இடமில்லை.

> தனித்து நிற்பது ‘ஏதிலி’. ‘அநாதை’ வடசொல், வேண்டாம்.

எந்தப் பொதிக்கும் தேவைப்படாமல் தனித்து நிற்கும் பொதிக்கு இந்த இரண்டு பெயருமே வேண்டாம். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். ‘ஏதிலிகளை நீக்கு’ என்று அவர்கள் முன்னால் நான் எழுத மாட்டேன். இதில் வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்ற வழக்குக்கே இடமில்லை.

மட்டக்களப்பு நண்பரின் ‘பற்றற்ற பொதி’க்கு, குறளில் பற்றற்றான் இறைவனாயிற்றே, அழிக்கப்போவதற்கு அந்தப் பெயரா என்று எதிர்ப்பு வந்தது. என் தடை வேறு. பற்றற்றது என்றால் எதையும் பற்றாதது. நமக்கு வேண்டியதோ எதனாலும் பற்றப்படாதது. திசை மறுபடியும் தலைகீழாகிறது. ‘எஞ்சிய பொதி’யும் சரிவராது, நீக்கிய பின் தங்கும் அமைப்புக் கோப்புகளும் எஞ்சியவைதானே.

சரி, பலரும் களைத்துப்போய் ‘தாங்குபொதி’ (தடி), ‘சார்ந்த பொதி’ (கொடி) என்ற இணைக்கு வந்துவிட்டீர்கள். தனித்து நிற்பதைத் ‘தேவை தீர்ந்த பொதி’ என்று போடுகிறேன். ‘தாங்குபொதி’ சுமைதாங்கியை நினைவூட்டுகிறது, கொழுகொம்பே வேண்டும் என்று மூதூர் ஐயா இன்னும் சொல்கிறார். அவர் சொல்லை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். கட்டாயமில்லாமல் பரிந்துரையால் மட்டும் கூட வரும் பொதிகளுக்கு இன்னும் சொல் இல்லை. அதற்கும் யாராவது ஒன்று தாருங்கள்.