பழைய கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்களில் (சிலைகளில்) பூஞ்சைக் கறை: பெயின்ட் போகாமல் எப்படி எடுப்பது?

காப்பித்தோட்டத்து மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் ஆகியும் அங்கேயே இருந்துவிட்டு, போன ஜூனில்தான் சேலத்துக்கு இறங்கி வந்தோம். அஸ்தம்பட்டி பக்கம், மூன்றாவது மாடி. நேற்று குடில் பெட்டியைத் திறந்தேன், மனசே விட்டுப்போனது. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லார் மேலும் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளி.

மலையில் மழைக்காலம் வந்துவிட்டால் மூட்டம் வீட்டுக்குள்ளேயே நுழையும், துணி காயாது. ஆனால் அங்கே பெட்டி அடுப்படிப் பரணில் இருந்தது. அந்தச் சூட்டில் ஒன்றும் ஆகவில்லை. வீடு மாறுகிற அவசரத்தில் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடினேன். அன்றைக்கு மழை வேறு.

எங்கள் வீட்டில் குடில் செட் என்று மொத்தமாக வாங்கியதே இல்லை. அப்பா எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. டிசம்பரில் பழம் பறிக்கிற வேலைக்கு நடுவே ஒரு நாள் பஸ் ஏறிச் சேலம் வந்து, ஒரே ஒரு சுரூபம் வாங்கிக்கொண்டு மலையேறுவார். முதல் வருடம் மட்டும் மாதாவும் பாலன் இயேசுவும் சேர்ந்து. சூசையப்பர் மறு வருடம்தான் வந்தார். மூன்று ராஜாக்கள் வந்து சேர மூன்று வருடம். அதனால் ஒன்றுக்கொன்று அளவே பொருந்தாது, ஆடு மாட்டின் உயரத்துக்கு நிற்கும். அப்புறம் நான் சேர்த்தது: வேளாங்கண்ணியில் வாங்கிய சிப்பிச் சம்மனசு (தேவதூதர்), பண்ருட்டிக் களிமண் இடையன், மகள் குழந்தையில் போட்ட கொலுசு. கொலுசைக் கிறிஸ்துமஸ் மரத்தின் நடுக்கிளையில் தொங்கவிடுவோம். அதுவும் கறுத்துக் கிடக்கிறது.

ஒரு ராஜாவை முன்பு ஒரு கடையில் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். பளபளவென்று எனாமல் பூசித் தந்தார்கள். அப்பா வாங்கி வந்தபோது அவருக்குக் கீழே சாய்ந்த பார்வை, பாலனையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது நேராக நம்மைப் பார்க்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். இனி யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

நானே எப்படிச் சுத்தம் செய்வது? மூன்றடிக்கு இரண்டடி இடம்தான் இருக்கிறது, அதில் இந்த அளவு பொருந்தாத கூட்டத்தை எப்படி நிறுத்துவது? மகள் புது செட் வாங்கிவிடலாம் என்கிறாள்.

கொலு வீடு, அம்மாபேட்டை:

அக்கா, முதலில் ஒன்று: ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரை உறிஞ்சும், உள்ளே இளகிவிடும், பெயின்ட் தோலாக உரியும். எங்கள் வீட்டுத் தசாவதார செட்டில் மூன்று அவதாரம் அப்படித்தான் போயிற்று.

வெளியே எடுத்து, நிழலில் காற்றாட நான்கைந்து நாள் வையுங்கள். பூஞ்சை உலர்ந்த பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மிருதுவான பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். பால்கனியில் செய்யுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். முக்கால்வாசி உதிர்ந்துவிடும். மீதிக் கறைக்குக் காது குடைகிற பஞ்சில் துளி ஸ்பிரிட். அதையும் முதலில் பீடத்தின் பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளி இருந்தால் இருக்கட்டும், ஈரம் இல்லாவிட்டால் பரவாது.

திரும்பக் கட்டும்போது பழைய பருத்தி வேட்டித் துண்டு. செய்தித்தாளின் மை ஈரத்தில் சுரூபத்தில் ஏறிவிடும். அட்டைப்பெட்டியே போதும், மூச்சுவிடும்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

கொலுசுக்கு நான் சொல்கிறேன்ங்க. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தீர்களா? ரப்பரில் இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நுரைத்தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். சலங்கைக்குள் தண்ணீர் நிற்காமல் நன்றாக உதறிக் காயவைக்க வேண்டும். குழந்தைக் கொலுசு மெல்லிசு, அழுத்தித் தேய்க்காதீர்கள். பாலிஷுக்குக் கொடுத்தால் எடை கொஞ்சம் குறையும், அதனால் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அரிசிபாளையத்துக் குடில்காரன்:

எங்கள் தெருக் குடிலைப் பல வருடமாக நான்தான் போடுகிறேன். அளவு பொருந்தாதது உங்களுக்கு வசதி அம்மா. பெரியதெல்லாம் முன்னால், தரையில். சின்னது பின்னால், செங்கல் அடுக்கி மேலே. சாக்கைக் களிமண் கரைசலில் முக்கிப் போர்த்திவிட்டால் மலை. அந்தப் பெரிய ஆடு முன்மூலையில் நின்றால் பின்னால் இருக்கிற சின்ன மாடு தூரத்தில் நிற்பது போலத் தெரியும்.

ராஜாக்களை இப்போதே குடிலில் வைக்காதீர்கள். அலமாரியில் தொடங்கி, தினமும் கொஞ்சம் நகர்த்தி, மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்று பாலன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். இடமும் மிச்சம். நேராகப் பார்க்கிற ராஜாவைக் கடைசி ஆளாக, பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். வழியைப் பார்க்கிறார் என்று இருக்கும்.

புது செட் வேண்டாம். 1223இல் புனித பிரான்சிஸ் கிரேச்சோவில் குடில் அமைத்தபோது தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையும்தான். உங்களிடம் அதைவிட நிறைய இருக்கிறது.

குடிலில் புல்லாக வைக்கக் கேழ்வரகை இன்றைக்கே தட்டில் விதைத்துவிடுங்கள், பத்து நாளில் வந்துவிடும்.

காப்பித்தோட்டத்து மகள்:

எல்லாருக்கும் கோடி நன்றி. ஐந்து நாள் காற்றாட வைத்துத் தட்டினேன். மாதாவின் நீலப் போர்வை அப்படியே பழையபடி வந்துவிட்டது. சூசையப்பர் தோளில் இரண்டு புள்ளி நிற்கிறது, விட்டுவிட்டேன். ஆமாம், ரப்பர் பேண்டுதான். கொலுசு இப்போது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மகளே உட்கார்ந்து தேய்த்தாள், அதற்கப்புறம் புது செட் பேச்சை எடுக்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து தம்பி ஒரு பை நிறைய சில்வர் ஓக் இலை கொண்டுவந்தான். அம்மா அதைத்தான் குடில் தரையில் குப்புறப் பரப்புவார், இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். அதன்மேல் பெரிய ஆட்டை முன்மூலையில் நிறுத்திப் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி, மாடு தூரத்துக்குப் போய்விட்டது.

தட்டும்போது கழுதையின் இடது காது மட்டும் உதிர்ந்துவிட்டது. துண்டைத் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எதைக் கொண்டு ஒட்டுவது?

கொலு வீடு, அம்மாபேட்டை:

இன்னும் இரண்டு நாள் காயட்டும் அக்கா. அப்புறம் வெள்ளை ஃபெவிகால், ஊசி முனையில் துளி. காகித டேப் சுற்றி ஒரு ராத்திரி அசைக்காமல் விட்டுவிடுங்கள்.