வடக்குப் பார்த்த கான்கிரீட் கட்டடம்: படத்தில் சாயுது, சுவரும் உயிரில்லாம விழுது

கேள்வி:
காரைக்குடியை ஒட்டின புறநகர். 24 அடித் தெருவில் மூணு அடுக்குக் கட்டடம். உயரம் 30 அடி, அகலம் 35. பூச்சு கிடையாது, நீளச் சன்ஷேடு, ஜாலி (ஓட்டை வெச்ச தடுப்புச் சுவர்). நிக்கான் டிஎக்ஸ் (சின்ன சென்சார்) கேமரா, 18-55 மி.மீ. லென்ஸ். அண்ணாந்து எடுத்தாத்தான் உச்சி வருது, ஆனா கட்டடம் பின்னால சாயுது. லைட்ரூம் சாஃப்ட்வேரில் நிமிர்த்தினா மேலே ரெண்டு ஓரமும் வெட்டுப்படுது. டிசம்பரில் எடுத்தது, சுவர் சாம்பல் அட்டை மாதிரி இருக்கு.

பதில்:
அண்ணாந்து எடுத்ததுதான் வினை. கேமரா மட்டமா இருந்தா தூண் நிமிர்ந்தே நிக்கும். லென்ஸை 18 மி.மீ.-ல் விட்டு கேமராவை நெட்டுக்குத்தா வெச்சா, சுவர் எவ்வளவு தூரமோ அதில் மூணில் ரெண்டு பங்கு உயரம்தான் கண்மட்டத்துக்கு மேலே அடங்கும். தெருவோட 24 அடித் தூரத்துக்கு 16, கண்மட்டம் 5. ஆக 21 அடி. மிச்ச 9 அடி தரையிலிருந்து வரவே வராது.

எதிர்வீட்டு முதல் மாடி பால்கனி கிடைக்குமா? அங்கே கண்மட்டம் 15 அடி. மேலே 15, கீழே 15, இதே லென்ஸில் மட்டுமட்டா அடங்கும். டிரைபாடைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தி, பக்கவாட்டில் திருப்பி மூணு படம். ஒண்ணு மேல ஒண்ணு மூணில் ஒரு பங்கு விழணும். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 2 விநாடி டைமர். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாம் மேனுவல். ஆட்டோவில் விட்டா வானம் பட்டை பட்டையா ஒட்டும். மூணையும் லைட்ரூமில் பனோரமாவா சேர்க்கும்போது 'பெர்ஸ்பெக்டிவ்' போடுங்க. 'சிலிண்ட்ரிகல்' போட்டா சன்ஷேடு வில்லா வளையும்.

கேட்டவர்:
நன்றிண்ணே. எதிர்வீடு பூட்டிக் கிடக்கு, வீட்டுக்காரங்க வெளிநாட்டில்.

பதில்:
இந்தச் சீமையில் அது புதுசா! இன்னும் அகலமா எடுக்கிற 10-20 மி.மீ. லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. 10-ல் நெட்டுக்குத்தா வெச்சா தரையிலிருந்தே 33 அடி உயரம், 37 அடி அகலம், ஒரே படத்தில். கீழே பாதி ரோடாத்தான் இருக்கும், வெட்டிடலாம். ஓரத்தில் பைக் நின்னா ஆட்டோ நீளத்துக்கு இழுபடும், நகர்த்தச் சொல்லுங்க.

இன்னொரு பதில்:
சுவர் செத்துக் கிடக்கிறதுக்கு லென்ஸ் காரணமில்லை, மாசம்தான். டிசம்பரில் சூரியன் தெற்கே. வடக்குச் சுவருக்கு நாள் முழுக்க நிழல். நம்ம ஊரில் உச்சிச் சூரியன் ஏப்ரல் நடுவில் தலைக்கு நேரே வந்து வடக்கே தாண்டும், ஆகஸ்ட் கடைசியில் திரும்பும். ஜூனில் காலை ஏழரைக்குப் போங்க. வெயில் சுவரைச் சுமார் 20 டிகிரியில் உரசிக்கிட்டு வரும். சென்ட்ரிங் பலகையோட மர ரேகை, ஆணித்தலை, பலகை சேர்ந்த இடத்துப் பிசிறு எல்லாம் எழும்பி நிக்கும். அதே ஜூன் நடுப்பகல் வேண்டாம். 2 அடி சன்ஷேடு 8 அடிக்கு நிழல் விட்டு ஜன்னலை மூடிடும்.

பூசாம கான்கிரீட்டை அப்படியே காட்டுற பாணிக்கு புரூட்டலிசம்னு பேர், அந்தப் பலகை ரேகை அதோட அடையாளங்களில் ஒண்ணு. கானாடுகாத்தான் பக்கம் மூலை வளைஞ்ச, பூசி வண்ணம் அடிச்ச வீடுகள் ஆர்ட் டெகோங்கிற வேற பாணி. ரெண்டையும் ஒரே ஆல்பத்தில் குழப்பாதீங்க. மழைத்தண்ணி இறங்கின கறுப்புக் கறையையும் போட்டோஷாப்பில் துடைக்க வேண்டாம்.