மடிப்பாக்கத்து வீட்டுக்கு இங்கிலாந்தில் வரி

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து, இரண்டாம் வருடம் வாடகை ஏறியதும் "இந்தக் காசுக்கு மார்ட்கேஜே (வீட்டுக் கடன் தவணை) கட்டிவிடலாமே" என்று கணக்குப் போடாத நம்மவர் குறைவு. நாங்களும் போட்டோம். 2023 ஜூனில் வந்தோம்; 2025 செப்டம்பரில் ரெடிங் பக்கம் 4 லட்சம் பவுண்டுக்கு ஒரு வரிசை வீடு வாங்கினோம். இங்கே அதற்கு டெரஸ் வீடு என்று பெயர். மொட்டை மாடி இருக்கும் என்று நம்பி அம்மா வடகம் காயப்போடத் திட்டமிட்டது தனிக்கதை.

எங்கள் கணக்கு சறுக்கிய இடம் ஸ்டாம்ப் டியூட்டி. முதல் வீடு வாங்குபவருக்கு இங்கிலாந்தில் சலுகை உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து, 5 லட்சம் பவுண்டுக்கு மேற்படாத வீடாக இருந்தால் முதல் 3 லட்சத்துக்கு வரி கிடையாது, மீதிக்கு 5 சதவீதம். 4 லட்சத்துக்கு 5,000 பவுண்டுதானே வரும்? அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல், அதாவது சொலிசிட்டர், அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்களுக்கோ உங்கள் துணைக்கோ உலகில் எங்காவது வீடு இருக்கிறதா?

இருக்கிறது. சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட், மாமனார் என் மனைவி பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது. நாங்கள் காசு போட்டு வாங்கவில்லை, கடனும் இல்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வாங்கியதோ, வாரிசாக வந்ததோ, பரிசோ, எந்த நாட்டில் இருந்தாலும் வீடு வீடுதான். முதல் வீட்டுச் சலுகை போனது. சாதாரண விகிதத்தில் 10,000 பவுண்டு. அதோடு கூடுதல் வீட்டுக்கான 5 சதவீதம், முழு விலைக்கும், அதாவது 20,000. ஆக 5,000 என்று நினைத்தது 30,000 ஆனது.

வீட்டை உங்கள் பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. கணவன் மனைவி சேர்ந்து வாழும்போது, ஒருவர் பெயரில் உள்ள வீடு கூடுதல் வரிக் கணக்கில் மற்றவருடையதாகவும் எடுத்துக்கொள்ளப்படும். ஊர் வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே என்றால் இந்த 5 சதவீதம் வராது. சிறிய ஊர்களில் அண்ணன் தம்பியோடு பங்கு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் முதல் வீட்டுச் சலுகைக்கு அந்த விதிவிலக்கு இல்லை, சின்னப் பங்கு இருந்தாலும் போச்சு. வெறும் மனையும் வயலும் வீடு ஆகாது, கவலை வேண்டாம். "ஊரில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று ஒரு நண்பர் கேட்டார். பொய் சொல்லிக் கையெழுத்துப் போடுவது நீங்கள், அவர் இல்லை.

வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாள் இங்கே இருந்திருக்காவிட்டால் மேலும் 2 சதவீதம். வாங்கிய பிறகு தங்கி அந்த நாள் கணக்கை நிறைவு செய்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். தம்பதியில் ஒருவர் தகுதி பெற்றாலே போதும். நான் சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு வரி, வேறு விகிதம்.

அடுத்தது பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை. அப்பா கொஞ்சம் கொடுத்தார். அது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் கேட்டார்கள். சரி என்று கொடுத்தால், அப்பாவுக்கு எப்படி வந்தது என்றார்கள். நிலம் விற்ற கிரயப் பத்திரம் தமிழில் இருந்தது. மொழிபெயர்க்கவே இரண்டு வாரம். இந்தியாவில் இருக்கும் பெற்றோர் ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். அது அவர்களுடைய வருமான வரிக் கணக்கில் கழியும், ஆனால் அதுவரை கையில் இருக்காது. பணத்தை வீடு பார்க்கும் முன்பே கொண்டுவந்து வையுங்கள்.

மார்ட்கேஜுக்கு புரோக்கரிடம் போவதே நல்லது. விசாவில் எத்தனை நாள் பாக்கி, இங்கே எத்தனை வருடம் ஆனது, டெபாசிட் எவ்வளவு என்பதில் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு விதி.

ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் மனதளவிலாவது வீடு நம்முடையது. இங்கே ஏஜென்ட் "ஆஃபர் ஏற்கப்பட்டது" என்று சொன்னாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொண்டு, பெரும்பாலும் 10 சதவீதம் கட்டும் நாள் வரை, யாரும் எழுந்து போகலாம். எங்களுக்கு முதலில் அமைந்த வீடு அப்படித்தான் போனது. அதிக விலை சொன்ன ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சொலிசிட்டர் செலவும், வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வே செலவும் நம் தலையில். அதுவரை ஊருக்குப் போன் போட்டுச் சொல்லாதீர்கள், கிரகப்பிரவேச நாள் குறித்துவிடுவார்கள்.

சர்வே செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காக. உங்களுக்கென்று தனியாக சர்வேயர் வையுங்கள், சில நூறு பவுண்டுதான். எங்களுடையவர் பின்னறைச் சுவரில் ஓதத்தைக் காட்டினார், காரணம் கூரை. விற்றவர் விலையைக் குறைக்க மாட்டேன் என்று நின்று, கடைசியில் கூரையைச் சரிசெய்து கொடுத்தார்.

ஃபிளாட் என்றால் அது பெரும்பாலும் லீஸ்ஹோல்ட், அதாவது நீண்ட காலக் குத்தகை. 80 வருடத்துக்குக் கீழே போய்விட்ட குத்தகையைத் தொடாதீர்கள், சர்வீஸ் சார்ஜ் என்ற பராமரிப்புக் கட்டணம் கடந்த மூன்று வருடத்தில் எப்படி ஏறியது என்று கேளுங்கள். உயரமான கட்டடமாக இருந்தால் வெளிச்சுவர் பற்றிய தீப்பாதுகாப்புப் படிவத்தையும் கேளுங்கள். 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்த பிறகு, கடன் தரும் முன் பல வங்கிகள் அதைக் கேட்கின்றன.

ஊரில் வாஸ்து பற்றியும் கேட்பார்கள். கிழக்கு வாசல் அமைந்தால் சந்தோஷம். ஆனால் இந்த ஊர் வெயிலுக்கு, தெற்கு பார்த்த தோட்டத்துக்குத்தான் ஏஜென்ட் விலை கூட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

எங்கள் 20,000 முழுதாகப் போய்விடவில்லை. வாங்கும் முன் மூன்று வருடத்துக்குள் நாங்கள் குடியிருந்த வீடு மடிப்பாக்கம். வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதை விற்றால் கூடுதல் வரியைத் திரும்பக் கேட்கலாம். வாடகைக்கு மட்டுமே விட்டிருந்தால் இந்த வழி இல்லை. ஆக 2028 செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது. மாமனாரிடம் யார் பேசுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.